கூட்டம் என்னும் சொல்லும் அதன் சுற்றமும்

கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் வரும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து, சுவர் விளம்பரங்களை வாசித்துக்கொண்டே வரும் பழக்கம் நம் மாணவியர் பலருக்கு உண்டு. ஒரு சுவரில் 'மாபெரும் பொதுக்கூட்டம்' என்றிருக்கும். அடுத்த சுவரில் 'மண்டல மாநாடு' என்றிருக்கும். அதற்கடுத்து 'செயல்வீரர்கள் கூட்டம்', 'கண்டன ஆர்ப்பாட்டம்', 'பேரணி' என்று வரிசை நீளும். மக்கள் ஓரிடத்தில் ஒன்றுசேர்வது ஒன்றே. அதற்கு இத்தனை பெயர்கள் எதற்கு? எல்லாம் ஒரு பொருள் தரும் பல சொற்கள்தாமா? அல்லது ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டா?

'ஒரு பொருட் பன்மொழி' என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆயினும் அரசியல் கூட்டங்களைக் குறிக்கும் சொற்களை அவ்வாறு ஒரே கூடையில் போட்டுவிடுதல் ஆகாது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். அங்கே வருவதற்கு உரிமையுடையவர் யார்? பேசுவதற்கு உரிமையுடையவர் யார்? முடிவு செய்வதற்கு உரிமையுடையவர் யார்? இம்மூன்றையும் மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

தாய்ச் சொல்

'கூடு' என்னும் வினையடியாகப் பிறந்தது கூட்டம். கூட்டணி, கூட்டாளி, கூட்டுறவு, நண்பகல் உணவில் நாம் உண்ணும் கூட்டு ஆகிய யாவும் அதன் உடன்பிறப்புகள். மதுரைக்குக் 'கூடல்' என்பது பழம்பெயர். நம் பக்கத்து ஊரான கூடலூரின் பெயரிலும் அச்சொல்லே ஒலிக்கிறது.

கூட்டம் என்பதற்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று, மக்கள் திரள். மற்றொன்று, ஒரு நோக்கத்திற்காக முறைப்படி அழைக்கப்பட்டுக் கூடுதல். 'பேருந்தில் ஒரே கூட்டம்' என்றால் முதற்பொருள். 'பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம்' என்றால் இரண்டாம் பொருள். எந்தப் பொருள் என்பதை உடன் வரும் வினைச்சொல் காட்டிவிடும். கூட்டம் சேர்ந்தது, கூட்டம் மோதியது என்றால் திரள். கூட்டம் தொடங்கியது, கூட்டம் நடைபெற்றது என்றால் முறையான கூட்டம்.

முடிவைக் குறிக்கும் வினைகளிலும் கவனம் வேண்டும். கூட்டம் 'முடிந்தது' என்றால் நிகழ்ச்சிநிரலில் உள்ள அனைத்தும் நிறைவேறின. கூட்டம் 'ஒத்திவைக்கப்பட்டது' என்றால் மீண்டும் கூடும். கூட்டம் 'கலைந்தது' என்றால் வந்தவர்கள் தாமே வீடு திரும்பினர். கூட்டம் 'கலைக்கப்பட்டது' என்றால் வேறொருவர் கலைத்தார். கடைசி இரண்டுக்கும் இடையே உள்ளவை சில எழுத்துகளே. செய்தியிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

பழைய பெயர்கள்

நம் முன்னோர் கூடிய இடங்களுக்கு மன்றம், அம்பலம், பொதியில், அவை என்று பெயர்கள் வழங்கின. மன்றம் என்பது ஊர் நடுவே மரநிழலில் அமைந்த பொதுவிடம். இன்று சட்டமன்றம், நீதிமன்றம், இலக்கிய மன்றம் என்று அச்சொல் கட்டடத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. அவை என்பது அறிந்தோர் கூடும் இடம். திருவள்ளுவர் 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். யார்முன் பேசுகிறோம் என்பதை அறிதல் ஒன்று. அறிந்தபின் அஞ்சாது பேசுதல் மற்றொன்று. இரண்டும் வேண்டும் என்பது அவர் வைத்த வரிசையிலேயே விளங்கும்.

கழகம் என்னும் சொல்லின் வரலாறு வியப்பூட்டுவது. குறளில் 'சூது' அதிகாரத்தில் அது சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. இன்று அதே சொல் பல்கலைக்கழகம் ஆயிற்று. போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. தமிழ்நாட்டின் பெரிய அரசியல் கட்சிகளுக்குப் பெயரும் ஆயிற்று. இழிந்த பொருள் தந்த சொல் காலப்போக்கில் உயர்ந்த பொருள் பெறுவதை இலக்கணத்தார் 'உயர்பொருட்பேறு' என்பர்.

சபை என்பது வடமொழி வழி வந்த சொல். சோழர் காலத்தில் பிராமணர்க்கு வழங்கப்பட்ட ஊர்களின் அவைக்குச் 'சபை' என்றும், ஏனைய வேளாண் ஊர்களின் அவைக்கு 'ஊர்' என்றும், வணிகர் அவைக்கு 'நகரம்' என்றும் பெயர். பல ஊர்கள் சேர்ந்த நிலப்பகுதிக்கும் அதன் அவைக்கும் 'நாடு' என்றே பெயர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலை எடுத்தான். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியன இவ்வாறு அமைந்தன.

தகுதிகளையும் நோக்குக. வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். வேதம் கற்றிருத்தல் வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவரை விலக்கிய அறிவுடைமையைப் போற்றுகிறோம். ஆயினும் அந்தக் குடத்தில் ஒரு பெண்ணின் பெயரோ, நிலமற்ற உழவனின் பெயரோ விழ வழியில்லை என்பதையும் மறத்தல் கூடாது.

நம் ஆலய வழக்கிலும் இச்சொற்கள் உள்ளன. திருச்சபை என்கிறோம். அருட்சகோதரிகள் சேர்ந்திருப்பது துறவற சபை. 1962 முதல் 1965 வரை உரோமையில் நடந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். பங்கில் இருப்பது பங்குப் பேரவை. தெருவில் சில குடும்பங்கள் கூடுவது அன்பியக் கூட்டம். 'அன்பிய மாநாடு' என்று நாம் சொல்வதில்லை. சொல்லின் அளவு நமக்கே தெரிந்திருக்கிறது.

பொதுக்கூட்டமும் மாநாடும்

பொதுக்கூட்டம் இன்று நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆயினும் தமிழில் அரசியல் பேசும் பொதுக்கூட்டத்துக்கு வயது மிக அதிகமன்று. 1884-ல் சென்னை மகாஜன சபை தோன்றியது. 1887-ல் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. அங்கெல்லாம் கற்றோர் ஆங்கிலத்தில் உரையாற்றினர். சுதேசி இயக்கக் காலத்தில்தான் நிலைமை மாறியது. தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர்க்கு விளங்கும் தமிழில் பேசினர். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மார்ச் 12 அன்று இருவரும் சிறைப்பட்டனர். மேடைப் பேச்சு ஆள்வோரை அஞ்சச் செய்யும் என்பதைத் தமிழகம் அன்று கண்டது.

பொதுக்கூட்டத்தை மூன்று கேள்விகளால் நிறுத்துப் பார்ப்போம். வர எல்லார்க்கும் உரிமை உண்டு. பேச மேடையில் இருப்பவர்க்கே உரிமை. முடிவு? அங்கே பெரும்பாலும் முடிவு செய்யப்படுவதில்லை. முன்பே செய்த முடிவு அறிவிக்கப்படுகிறது. கேட்பவர் கைதட்டலாம்; எழுந்தும் போகலாம்.

மாநாடு என்பது அதனினும் பெரிது. பல ஊர்களிலிருந்து பேராளர் வருவர். தலைமையுரை, திறப்புரை, தீர்மானங்கள் என்று ஒழுங்கு உண்டு. ஒருநாள் மாலைப் பேச்சு எவ்வளவு பெரிதாயினும் அது பொதுக்கூட்டமே. தீர்மானம் முன்மொழிந்து, வழிமொழிந்து, நிறைவேற்றும்போதுதான் அது மாநாடு என்னும் பெயருக்குத் தகுதி பெறுகிறது. 1956 மே மாதம் திருச்சியில் நடந்த திராவிட முன்னேற்றக் கழக மாநாட்டில், தேர்தலில் போட்டியிடலாமா என்று வந்திருந்தோரிடமே வாக்குப் பெட்டி வைத்துக் கேட்டனர். வந்தவரே முடிவு செய்த மாநாட்டுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மாணவியர் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டிய மாநாடுகள் இரண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். ஈ.வெ. இராமசாமி அவர்களைப் 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானித்தது அந்த மாநாடுதான்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் காண்க. மாநாடு இயற்றுவது தீர்மானம். சட்டமன்றம் இயற்றுவது சட்டம். செங்கற்பட்டில் தீர்மானம் நிறைவேறியது 1929-ல். தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1989-ல். இடையே அறுபது ஆண்டுகள். தீர்மானம் விதை, சட்டம் விளைச்சல். இரண்டையும் குழப்பி எழுதினால் அந்த அறுபது ஆண்டு உழைப்பையும் காத்திருப்பையும் மறைத்தவர்கள் ஆவோம்.

கதவு மூடிய கூட்டங்கள்

எல்லாக் கூட்டங்களும் திடலில் நடப்பதில்லை. ஒவ்வொரு கட்சிக்கும் செயற்குழு, பொதுக்குழு என்று அமைப்புகள் உண்டு. குழு என்பது எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. உறுப்பினர் அல்லாதார் அங்கே நுழைய இயலாது. பேச உறுப்பினர்க்கு மட்டுமே உரிமை, முடிவும் அவர்களுடையதே.

ஒரு கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டும் கூடித் தம் தலைவரைத் தேர்ந்தெடுப்பது 'சட்டமன்றக் கட்சிக் கூட்டம்'. அமெரிக்காவில் 'காகஸ்' என்று வழங்கும் கட்சிக் கூட்டத்துக்கு இது நெருங்கிய உறவு. 1954-ல் இராஜாஜி பதவி விலக முன்வந்தபோது, காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக் கூட்டம் காமராசரைத் தலைவராகத் தேர்ந்தது. ஏப்ரல் 13 அன்று அவர் முதலமைச்சரானார். அவ்வேளை பொதுத்தேர்தல் ஏதும் நடக்கவில்லை. ஓர் அறைக்குள் நடந்த வாக்கெடுப்பு நாட்டின் போக்கை மாற்றியது. கூட்டம் சிறிது என்பதால் அதன் முடிவும் சிறிது என்று எண்ணலாகாது.

கதவு மூடிய கூட்டத்துக்கு நாமறிந்த பழைய எடுத்துக்காட்டு 'கான்கிளேவ்'. திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடும் கூட்டம் அது. இலத்தீனில் 'திறவுகோலுடன்' என்னும் பொருள் தரும் சொற்களிலிருந்து வந்தது. 1268-ல் விட்டர்போ நகரில் தொடங்கிய தேர்தல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இழுத்தது. ஊர் மக்கள் பொறுமையிழந்து கர்தினால்களை உள்ளே வைத்துப் பூட்டினர் என்பது வரலாறு. 1271-ல் தேர்வு பெற்ற பத்தாம் கிரகோரியார், 1274-ல் லியோன் சங்கத்தில் பூட்டிய அறை முறையைச் சட்டமாக்கினார். 2025 மே மாதம் கூடிய கான்கிளேவ் இரண்டாம் நாளிலேயே பதினான்காம் லியோ அவர்களைத் தேர்ந்தெடுத்தது. இன்று செய்தி நிறுவனங்கள், மேடையும் ஒளிவிளக்கும் வைத்து நடத்தும் திறந்த கருத்தரங்குகளையும் 'கான்கிளேவ்' என்கின்றன. பூட்டே இல்லாத இடத்தில் திறவுகோலுக்கு வேலையென்ன? அதைக் கருத்தரங்கு என்பதே பொருந்தும்.

ஆலோசனைக் கூட்டம், உள்ளரங்கக் கூட்டம், இரகசியக் கூட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கருதலாகாது. உள்ளரங்கக் கூட்டம் இடத்தைக் குறிக்கிறது. ஆலோசனைக் கூட்டம் நோக்கத்தைக் குறிக்கிறது. இரகசியக் கூட்டம் என்பதில் ஐயத்தின் நிழல் விழுகிறது. சான்றில்லாமல் அச்சொல்லை எழுதுவது பழி சுமத்துவதற்கு ஒப்பாகும்.

நடக்கும் கூட்டங்கள்

அமர்ந்திருக்கும் கூட்டம் எழுந்து நடந்தால் வேறு பெயர் பெறுகிறது. ஊரை வலம் வருவது ஊர்வலம். அழகும் பக்தியும் கொண்டு வருவது பவனி. திருவிழாவில் சப்பரப் பவனி என்கிறோம். அணி அணியாகக் கோரிக்கையுடன் செல்வது பேரணி. சப்பரத்தைப் 'பேரணி' என்றோ, வேலை கேட்டு நடப்பவரைப் 'பவனி' என்றோ எழுதினால் நகைப்புக்கு இடமாகும்.

ஒரே நிகழ்ச்சிக்கு யார் என்ன பெயர் வைக்கிறார் என்பது நம் ஊருக்குப் புதிதன்று. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து உழவர்களும் தொழிலாளர்களும் தாய்மார்களும் ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கிப் புறப்பட்டனர். மலையடிவாரத்தில் நம் லோயர் கேம்ப் வழியில் காவலர்கள் அவர்களைத் தடுத்தனர். தடை உத்தரவும் நடப்பில் இருந்தது. அங்கு நின்ற மக்களை என்ன பெயரால் அழைப்பது? நடந்தவர்க்கு அது பேரணி. தடை உத்தரவைக் கையில் வைத்திருந்தவர்க்கு அது சட்டவிரோதக் கூட்டம். அஞ்சியவர்க்கோ சினந்தவர்க்கோ அது கும்பல்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை அறிதல் நலம். அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. சங்கம் அமைக்கும் உரிமையை அதே உறுப்பில் தனியே வழங்குகிறது. அன்று கூடுவது வேறு, என்றும் கூடியிருப்பது வேறு என்பதைச் சட்டமே பிரித்துக் காட்டுகிறது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ குற்றமான பொது நோக்கத்துடன் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். நெடுங்காலம் '144' என்று மக்கள் வாயில் வழங்கிய தடை உத்தரவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163-ஆம் பிரிவாயிற்று. எண் மாறியது, பேச்சு வழக்கில் 144 இன்னும் வாழ்கிறது.

'கும்பல்' என்னும் சொல்லை மாணவியர் மிகுந்த எச்சரிக்கையுடன் ஆள வேண்டும். கூட்டத்துக்கு நோக்கம் உண்டு. கும்பலுக்கு முகமே இல்லை. வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கஞ்சிப் பாத்திரத்துடன் நடந்த ஒரு பாட்டியை, ஒரே சொல்லால் நாம் கும்பலில் ஒருத்தியாக்கிவிடலாம். கல்லெறிந்தவர் இருந்தால் 'கல்லெறிந்தவர்' என்று எழுதுக. நடந்தவர்களை 'நடந்தவர்கள்' என்று எழுதுக. இது மலைக்கு இப்புறத்தார்க்கும் அப்புறத்தார்க்கும் பொது.

மலைக்கு அப்பால்

குமுளிச் சுவர்களில் உள்ள மலையாள விளம்பரங்களில் 'பொதுயோகம்' என்றிருக்கும். அது யோகாசன வகுப்பன்று, பொதுக்கூட்டம். நமக்கு யோகம் என்றால் நற்பேறு அல்லது தவநெறி. அவர்களுக்கு அது கூட்டமும் ஆகும். மாநாட்டை அவர்கள் 'சம்மேளனம்' என்பர். ஊர்வலத்தை 'ஜாதா' என்பர். பக்கத்து வீட்டு மொழியில் ஒரே சொல் வேறு பொருள் தரும் என்பதை அறிந்திருப்பது எல்லையோரத்தில் வாழும் நமக்கு நற்பயன் தரும்.

உங்களுக்கென்று ஒரு சபை

நிறைவாக, மூன்று கேள்விகளுக்கும் 'எல்லார்க்கும்' என்றே விடை தரும் ஒரு கூட்டம் உண்டு. அதுவே கிராம சபை. அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என ஆண்டுக்கு நான்கு முறை கூடி வந்தது. 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும், நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாயிற்று. நகராட்சிப் பகுதிகளில் இதற்கு இணையாகப் பகுதி சபைகள் வந்துள்ளன.

உத்திரமேரூர்ச் சபைக்கு நிலம் வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வயது வேண்டியிருந்தது. ஆணாகவும் இருக்க வேண்டியிருந்தது. இந்தச் சபைக்குப் பதினெட்டு வயதும் பட்டியலில் பெயரும் போதும். வரவு செலவு அங்கே படிக்கப்படும். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை எதைப் பற்றியும் கேட்கலாம். தீர்மானம் பதிவேட்டில் ஏறும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ செல்லும்போது மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வாக்குரிமை வரும்வரை அவள் பார்வையாளராக இருக்கட்டும். நம் நாட்டுப் பெண்கள் அவையில் அமர்வதற்கு நெடுநாள் காத்திருந்தனர். 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்தபோது அந்த அவையில் அவரே முதற்பெண். மதுரை கே.பி. ஜானகியம்மாள் நாடக மேடையில் பாடியவர். அரசியல் மேடையில் பேசிச் சிறை சென்றவர். 1967-ல் சட்டமன்ற உறுப்பினர் ஆனவர். இவர்கள் திறந்த கதவின் வழியே நம் பெண்கள் 'திரளாக வந்திருந்தனர்' என்ற செய்தி மட்டும் வந்தால் போதாது. 'பேசினர்', 'முன்மொழிந்தனர்', 'கணக்குக் கேட்டனர்' என்னும் வினைச்சொற்களும் வர வேண்டும்.

பயிற்சி

1. பொருள் வேறுபாடு தருக: கூட்டம் கலைந்தது, கூட்டம் கலைக்கப்பட்டது, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

2. பொருத்தமான சொல்லை இட்டு நிரப்புக (பவனி, பேரணி, செயற்குழு, மாநாடு): அ) கட்சியின் ______ உறுப்பினர் நாற்பதின்மர் கூடினர். ஆ) திருவிழாவின் இறுதி நாளில் சப்பரப் ______ நடைபெற்றது. இ) இரண்டு நாள் ______ பன்னிரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. ஈ) குடிநீர் கேட்டு மகளிர் ______ சென்றனர்.

3. உங்கள் தெருவில் ஒரு வாரம் காணும் சுவர் விளம்பரங்களிலிருந்து கூட்டத்தைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் ஆராய்க.

4. வீட்டில் பாட்டி, அம்மா ஆகியோரிடம் அவர்கள் சென்ற ஏதேனும் ஒரு கூட்டத்தைப் பற்றிக் கேட்டு, அதற்குச் சரியான பெயரிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக. அவர்கள் அங்கே பேசினார்களா என்பதையும் மறவாமல் குறிப்பிடுக.